முடியாத பின்னல்களுக்கும் ஒரு கணக்கு: பின்னல் ஊசி பிடிப்போருக்குத் திறந்த மடல்

கம்பளி நூலும் ஊசியும் கொண்டு ஸ்வெட்டரும் குல்லாயும் சால்வையும் காலுறையும் பின்னிவரும் அன்புக்குரியவர்களுக்கு,

உதகமண்டலத்தில் ஒரு வீட்டின் முன்னறையில் கூடினாலும், சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பொன்றின் பொது அறையில் கூடினாலும், நுவரெலியாவிலோ டொராண்டோவிலோ இலண்டனிலோ கூடினாலும், உங்கள் கூடுகைகளின் பெரும்பொழுது முடிந்த வேலைகளுக்கே செலவாகிறது. பேத்திக்குப் பின்னிய மேலங்கி கைக்குக் கை மாறுகிறது, கழுத்துப்பட்டி எப்படி எடுக்கப்பட்டது, தோள் எங்கே இணைக்கப்பட்டது என்று கேள்விகள் எழுகின்றன, பாராட்டும் கிடைக்கிறது. பல வார உழைப்புக்குக் கிடைக்கும் அந்தப் பாராட்டு முற்றிலும் நியாயமானது. ஆயினும் அதே நாளில், உங்கள் வீட்டுப் பீரோவின் அடித்தட்டிலும் கட்டிலுக்கு அடியிலுள்ள பெட்டியிலும் ஊசியோடு கிடக்கும் பாதி வேலைகளைப் பற்றி யாராவது கேட்டால், நீங்கள் சிரித்துப் பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். முடிந்தது பெருமைக்குரியது, முடியாதது மறைக்கத்தக்கது என்ற இந்தப் பழக்கத்தால் உங்கள் கையறிவின் பெரும்பகுதி எவருக்கும் கிடைக்காமல் அழிந்துகொண்டிருக்கிறது என்பதே இம்மடலின் முறையீடு.

உங்கள் வேலைகள் மூன்று நிலைகளில் இருக்கின்றன என்பதை நீங்கள் அறிவீர்கள். முடிந்து, அலசி, உரியவரிடம் போய்ச் சேர்ந்தவை ஒரு வகை. தினமும் மாலையில் கையில் எடுக்கப்பட்டு, வரிசை வரிசையாக வளர்ந்துவருபவை மற்றொரு வகை. மாதக்கணக்காக, ஏன், ஆண்டுக்கணக்காகக் கை படாமல் பைக்குள் உறங்குபவை மூன்றாம் வகை. முதலிரண்டைப் பற்றிக் கவலைப்பட அதிகம் இல்லை. மூன்றாம் வகைதான் உங்களில் பெரும்பாலோரின் வீட்டில் மற்ற இரண்டையும்விட மிகுந்திருக்கிறது. அதற்கு உங்கள் சோம்பல் காரணம் என்று உங்கள் வீட்டாரும், சில வேளைகளில் நீங்களே கூடவும் சொல்வது பெரும் அநியாயம்.

ஒரு வேலை ஏன் உறங்கிப்போகிறது என்பதை நேர்மையாக ஆராய்ந்தால் வேறு காரணங்கள் வெளிப்படும். நேராக ஏறிவந்த பின்னல், கைக்குழியை எட்டியதும் கண்ணிகளைக் குறைக்க வேண்டிய இடத்தில் கணக்குக் கேட்கிறது. அன்று கணக்குப் போட அமைதியான ஒரு மணி நேரம் கிடைக்கவில்லை. பத்து வரிசைக்குக் கீழே ஒரு பிழை கண்ணில் படுகிறது. பிரிக்கவும் மனமில்லை, அதன்மேல் தொடரவும் மனமில்லை. நூல் தீர்ந்து, அதே நிறம் கடையில் கிடைக்காமல் போகிறது. எந்தக் குழந்தைக்காகத் தொடங்கப்பட்டதோ அந்தக் குழந்தை அளவைத் தாண்டி வளர்ந்துவிடுகிறது. ஒரு காலுறை முடிந்ததும், அதே வேலையை அப்படியே மறுபடி செய்ய வேண்டிய மற்றொரு காலுறை சலிப்பைத் தருகிறது. சில பைகளில் இருப்பவை பின்னல் அளவில் முழுமை பெற்றவை. முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கைகள் எல்லாம் தயாராக இருந்தும், அவற்றைச் சேர்த்துத் தைப்பதும் தொங்கும் நூல் முனைகளை ஊசியால் உள்ளே கோத்து மறைப்பதும் மட்டும் மிஞ்சி நிற்கின்றன. இன்னும் சிலவற்றின் காரணத்தைப் பிறர் கேட்கவும் கூடாது: யாருக்காகப் பின்னப்பட்டதோ அவர் இப்போது இல்லை.

இவை யாவும் புரிந்துகொள்ளத்தக்க காரணங்கள். குறை எங்கே என்றால், வேலையைப் பையில் வைக்கும் அந்த நாளில் உங்களுக்கு முழுதாகத் தெரிந்திருந்தவற்றை நீங்கள் எங்கும் எழுதிவைப்பதில்லை. மறுபடி எடுக்கும்போது நினைவு வந்துவிடும் என்று நம்புகிறீர்கள். பின்னலின் இயல்பே அந்த நம்பிக்கைக்கு எதிரானது.

ஊசியில் நிற்கும் ஒவ்வொரு நூல் வளையமும் கண்ணி எனப்படும். புதிய வளையம் பழைய வளையத்தின் ஊடே இழுக்கப்படும்போது பழையது நிலைபெறுகிறது. ஆகவே எவ்வளவு பெரிய ஆடையாக இருந்தாலும், அதில் இன்னும் நிலைபெறாமல் இருப்பவை ஊசியில் நிற்கும் அந்த ஒரு வரிசைக் கண்ணிகளே. ஊசி நழுவினால் அவை கீழ்நோக்கி வரிசை வரிசையாக அவிழும். பூத்தையலில், துணியில் வரைந்த கோட்டைப் பார்த்து இன்னொருவர் வேலையைத் தொடர முடியும். தறியில் நிற்கும் சேலையில், எத்தனை முழம் மிச்சம் என்பதைப் பாவு காட்டிவிடும். பின்னலிலோ செய்து முடித்த பகுதி மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறது. செய்ய வேண்டிய பகுதி செய்பவரின் மனத்தைத் தவிர வேறெங்கும் இல்லை. எத்தனை வரிசைக்கு ஒருமுறை கண்ணி குறைக்கப்படுகிறது, கை நீளம் எவ்வளவு என்று முடிவாயிற்று, இடப்பக்கம் போட்ட முறுக்குப் பின்னல் வலப்பக்கத்தில் எந்தத் திசையில் திரும்ப வேண்டும் என்பதையெல்லாம் பையைத் திறக்கும் வேறொருவர் எப்படி அறிவார்? ஓராண்டு கழித்து நீங்களே எப்படி அறிவீர்கள்?

ஊசியின் அளவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் ஊசிகளைப் பத்தாம் நம்பர், பதினொன்றாம் நம்பர் என்று கேட்டு வாங்கும் வழக்கம் பிரித்தானிய முறையிலிருந்து வந்தது. அந்த முறையில் எண் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்க முறையில் எண் ஏற ஏற ஊசி தடிக்கும். பிரித்தானிய முறையில் 8 என்பது 4 மில்லிமீட்டர் தடிமன்; அமெரிக்க முறையில் அதே 8 என்பது 5 மில்லிமீட்டர். அமெரிக்காவில் இருக்கும் மகளிடமிருந்து வந்த ஊசியும் உள்ளூர்க் கடையில் வாங்கிய ஊசியும் ஒரே டப்பாவில் கலந்து கிடக்கும் வீடுகள் உங்களிடையே குறைவாக இருக்க வாய்ப்பில்லை. பாதியில் நின்ற வேலையிலிருந்து ஊசியை மட்டும் இன்னொரு வேலைக்கு உருவிக்கொண்டு, கண்ணிகளை ஏதோ ஒரு நூலில் கோத்து வைத்துவிட்டால், எந்த அளவு ஊசியில் அது பின்னப்பட்டது என்ற விவரம் அப்போதே தொலைந்துபோகிறது.

அதைவிட நுட்பமானது கை இறுக்கம். ஒருவர் பின்னும்போது 10 சென்டிமீட்டர் அகலத்தில் எத்தனை கண்ணிகள் விழுகின்றன என்பதே கை இறுக்கத்தின் அளவு. நூல், ஊசி, கை ஆகிய மூன்றும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணிகள் என்ற இறுக்கத்தில், 100 சென்டிமீட்டர் மார்புச் சுற்றுக்கு 220 கண்ணிகள் ஏற்றப்பட்டதாகக் கொள்வோம். அதே 220 கண்ணிகளை 10 சென்டிமீட்டருக்கு 20 என்ற தளர்ச்சியில் பின்னினால் சுற்றளவு 110 சென்டிமீட்டர் ஆகிவிடும். இரண்டே கண்ணிகளின் வேறுபாடு, ஒருவருக்குப் பொருந்த வேண்டிய ஸ்வெட்டரை வேறொருவருக்கு உரியதாக்கிவிடுகிறது. ஆண்டுகள் கழித்து வேலையைத் திரும்ப எடுக்கும் கை பழைய கையாக இருப்பதில்லை. மூட்டுவலி வந்திருக்கலாம், பழக்கம் விட்டுப்போயிருக்கலாம், வேறு நூல்களில் பழகி இழுப்பு மாறியிருக்கலாம். பழைய இறுக்கம் எவ்வளவு என்று எழுதியிருந்தால், புதிய கையை அதற்கேற்ப ஊசி மாற்றிச் சரிசெய்துகொள்ள முடியும்.

நூலின் கதையும் இப்படித்தான். ஒரே நிறமாக இருந்தாலும், ஒவ்வொரு முறை சாயமேற்றும்போதும் சாயல் சற்றே மாறுவதால், ஒரே தொட்டியில் சாயமேறிய நூல்களுக்குத் தொகுதி எண் ஒன்று உண்டு. நூற்கண்டின் தாள் பட்டையில் நிற எண்ணுக்கு அருகில் அது அச்சிடப்பட்டிருக்கும். நூலைச் சுற்றத் தொடங்கும்போது நீங்கள் முதலில் குப்பையில் போடுவது அந்தப் பட்டையைத்தான்! பின்னர் நூல் போதாமல் போகும்போது கடைக்காரரிடம் காட்ட ஒரு துண்டு நூலைத் தவிர எதுவும் இருப்பதில்லை. கடையின் குழல்விளக்கில் ஒத்துப்போன நிறம், வீட்டு வாசல் வெளிச்சத்தில் முதுகின் குறுக்கே ஒரு கோடாகத் தெரியும்போது அந்த வேலையும் உறங்கப் போகிறது.

இழப்பு ஒரு ஸ்வெட்டரோடு நிற்பதாக இருந்தால் இம்மடல் தேவைப்பட்டிராது. இந்தக் கைத்தொழிலின் வரலாறே பெயரில்லாத கைகளின் வரலாறாக இருப்பதை நீங்கள் நினைத்துப்பார்க்க வேண்டும். ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்துத் தீவுகளில், கன்னிஸ்டர் என்னும் இடத்தில், 1951 ஆம் ஆண்டு எரிபொருளுக்காகக் கரிமண் வெட்டியவர்கள் ஒரு மனிதனின் புதைகுழியைக் கண்டனர். உடல் பெரும்பாலும் கரைந்துவிட்டிருந்தது. உடைகள் அந்த ஈரமண்ணில் அழியாமல் இருந்தன. அவற்றில் பின்னிய குல்லாய்களும் காலுறைகளும் கையுறைகளும், வண்ண வேலைப்பாடு கொண்ட ஒரு சிறு பணப்பையும் இருந்தன. பைக்குள் கிடைத்த நாணயங்களைக் கொண்டு அவற்றின் காலம் 17 ஆம் நூற்றாண்டின் இறுதி என்று கணிக்கப்பட்டது. ஆக, காசை அடித்த அரசாங்கம் எது, அடித்த ஆண்டு எது என்பது தெரியும். காசைத் தாங்கிய பையைப் பின்னியவர் யார் என்பது தெரியாது. உலோகத்தில் ஆண்டு பொறித்திருந்தார்கள், நூலில் எவரும் எதையும் பொறிக்கவில்லை.

அதே ஷெட்லாந்தில் 1872 ஆம் ஆண்டு ஓர் அரசு விசாரணை ஆணையம் அமர்ந்தது. கூலியைப் பணமாகத் தராமல் கடைச் சரக்காகத் தரும் முறையைப் பற்றி அது விசாரித்தபோது, பின்னல் வேலை செய்த பெண்கள் பலர் முன்வந்து சாட்சி சொன்னார்கள். ஒரு சால்வைக்கு எவ்வளவு நூல் செல்லும், எத்தனை வாரம் பிடிக்கும், அதற்கு ஈடாகக் கடைக்காரர் தந்த தேயிலையும் துணியும் எவ்வளவு என்றெல்லாம் அவர்கள் சொன்னவை அறிக்கையில் பதிவாயின. அந்தக் காலத்துப் பின்னல்காரிகளின் உழைப்பைப் பற்றி இன்று ஆய்வாளர்களுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த ஆதாரங்களில் அதுவும் ஒன்று. அப்பெண்களுக்குத் தங்கள் வேலையின் கணக்கு விரல்நுனியில் இருந்திருக்கிறது. கேட்பதற்கும் எழுதுவதற்கும் ஒருவர் வரும்வரை அது ஏட்டில் ஏறவில்லை. உங்களிடம் அப்படி ஓர் ஆணையம் வரப்போவதில்லை. கேட்பவரும் எழுதுபவரும் நீங்களாகவே இருந்தாக வேண்டும்.

இங்கிலாந்தின் கடலோர மீனவர்கள் அணிந்த இறுக்கமான கம்பளிச் சட்டைகளின் பின்னல் வகைகளைத் திரட்டி கிளாடிஸ் தாம்சன் 1955 இல் ஒரு நூல் வெளியிட்டார். எழுதப்பட்ட குறிப்புகள் அரிதாக இருந்த நிலையில், அணிந்தவர்களின் மார்பையும் கைகளையும் உற்றுநோக்கிக் கண்ணி எண்ணியே அவர் பலவற்றைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அவர் பார்த்தவை முடிந்த ஆடைகள் என்பதைக் கவனியுங்கள். முடியாத ஆடையை எவரும் அணிந்து துறைமுகத்தில் நிற்பதில்லை. ஆகவே முடியாதவற்றில் இருந்த புதிய முயற்சிகளும் மாற்றங்களும் எந்தத் தொகுப்பாளரின் கண்ணிலும் பட வழியில்லை.

ஜான் மில்லிங்டன் சிஞ் எழுதி 1904 இல் டப்ளினில் மேடையேறிய ‘ரைடர்ஸ் டு த சீ’ என்ற நாடகத்தில், கடலில் மூழ்கிய ஒருவனின் காலுறையைக் கையில் வாங்கும் தங்கை, அதைத் தானே பின்னியதால் கண்ணிகளை எண்ணிப்பார்த்து, 60 ஏற்றி 4 நழுவவிட்ட தன் வேலைதான் அது என்று கண்டுகொள்கிறாள். இறந்தவன் அண்ணன்தான் என்பது அந்த எண்ணால் உறுதியாகிறது. மீனவ ஊர்கள் தோறும், குடும்பங்கள் தோறும் தனித்தனிப் பின்னல் இருந்தது, அதைக் கொண்டே கரையொதுங்கிய உடல்கள் அடையாளம் காணப்பட்டன என்று இன்றும் சுற்றிவரும் கதைக்கு இந்த நாடகமே ஒரு முக்கிய ஊற்று என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அக்கதைக்கு வலுவான சான்று இல்லை. ஆனால் நாடகம் காட்டும் உண்மை வேறு, அது உங்கள் ஒவ்வொருவருக்கும் தெரிந்தது: தன் கையால் பின்னியதன் எண்ணும் பிழையும் பின்னியவளுக்குத் தெரியும். அந்த வீட்டில் அவளுக்கு மட்டுமே தெரியும். அவளும் இல்லாத நாளில் அந்தக் காலுறை வெறும் ஈரத்துணி.

இந்த இழப்பை உணர்ந்து செயலில் இறங்கியவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் மேசி கேப்லன், ஜென் சிமோனிக் என்னும் இரு பின்னல்காரர்கள் 2022 இல் ‘லூஸ் எண்ட்ஸ்’ என்ற தன்னார்வ அமைப்பைத் தொடங்கினார்கள். இறந்துபோனவர்களோ, நோயாலும் முதுமையாலும் கை முடங்கியவர்களோ பாதியில் விட்ட கைவேலைகளை அவர்களின் குடும்பத்தார் அனுப்பிவைக்கலாம். அந்த வேலை தெரிந்த தன்னார்வலர் ஒருவர் கட்டணமின்றி அதை முடித்துக் குடும்பத்திடம் திருப்பித் தருவார். பின்னல், குரோஷே என்னும் கொக்கி ஊசி வேலை, ஒட்டுத்துணிப் போர்வை எனப் பலவும் இதில் அடங்கும். குறுகிய காலத்திலேயே பல நாடுகளிலிருந்து பல்லாயிரம் பேர் முடித்துத்தர முன்வந்தனர். அறிமுகமே இல்லாத ஒருவரின் தாய் விட்டுப்போன வரிசையிலிருந்து தொடர்ந்து பின்னுவதற்கு இத்தனை பேர் ஆயத்தமாக இருப்பது இந்தக் கலைக்கு வாய்த்த பெரும்பேறு. ஆனால் முடிக்க வருபவர் முதலில் செய்ய வேண்டியிருப்பது துப்பறியும் வேலை: எந்த வடிவம், எந்த ஊசி, எந்த நூல், யாருடைய அளவு? மடித்த ஒரு தாள் பைக்குள் இருந்திருந்தால் அந்தக் கேள்விகளில் பல எழுந்திரா.

உங்கள் வீட்டாரைப் பற்றியும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். பின்னிய கை ஓய்ந்தபின் பையைத் திறந்து பார்க்கும் மகனோ மருமகளோ அதை வெளியே எறிந்துவிட்டால், அவர்களுக்கு அன்பில்லை என்று உறவினர் பேசுவது வழக்கம். அவர்கள் கண்டது என்ன? சிக்குண்ட நூல், துருவேறிய கம்பி, என்னவென்று விளங்காத ஒரு துண்டு. அது தங்களுக்காகவே தொடங்கப்பட்ட ஸ்வெட்டரின் முதுகுப் பகுதி என்று தெரிந்திருந்தால் அவர்கள் எறிந்திருப்பார்களா? வீட்டு வேலை முடிந்த பின் பின்னப்படுவதெல்லாம் பொழுதுபோக்கு என்று பெயர் பெற்றுவிட்டதால், அதற்குக் குறிப்பேடு தேவை என்று வீட்டில் எவருக்கும் தோன்றுவதில்லை. உங்களுக்கும் தோன்றாமல் போனதுதான் வருத்தத்திற்குரியது. மளிகைக் கணக்கையும் பால் கணக்கையும் தேதி தவறாமல் எழுதும் அதே கை, மூன்று மாத உழைப்பை ஒரு வரிகூட எழுதாமல் மூட்டை கட்டுகிறது.

ஆகவே உறங்கும் வேலை ஒவ்வொன்றையும் வெளியே எடுத்து, மூன்றில் ஒரு முடிவுக்கு வாருங்கள்: தொடர்வது, பிரிப்பது, இன்னொருவரிடம் ஒப்படைப்பது. பிரிப்பதைத் தோல்வியாக எண்ண வேண்டியதில்லை. வெட்டிய துணி மீண்டும் முழுத்துணி ஆகாது. பின்னலோ பிரித்தால் மீண்டும் நூலாகிறது, இந்தக் கலைக்கு வாய்த்த அரிய வசதி இது. பிரித்த கம்பளி நூல் சுருண்டு நெளிந்திருக்கும். அதைப் பெரிய வளையமாகச் சுற்றி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, பிழியாமல் நீரை அழுத்தியெடுத்து நிழலில் தொங்கவிட்டால் நெளிவு பெரும்பாலும் நீங்கிவிடும். மொஹேர் போன்ற நீண்ட மயிர்கள் கொண்ட நூல் ஒன்றோடொன்று பின்னிப் பிடித்துக்கொள்வதால் பிரிக்கும்போது பொறுமை வேண்டும். இழுத்து அறுக்க வேண்டாம்.

தொடர்வது என்று முடிவானவற்றுக்கும் உடனே தொட நேரமில்லை என்றால், கண்ணிகளை ஊசியிலேயே விட்டுவைக்காதீர்கள். நெடுநாள் ஊசியில் நின்ற வரிசை இழுபட்டுத் தனியே ஒரு கோடாகத் தெரியும். ஈரக்காற்று மிகுந்த ஊர்களில் பழைய இரும்பு ஊசி துருப்பிடித்து நூலில் கறை ஏற்றும். வேறு நிறத்தில் வழுவழுப்பான பருத்தி நூல் ஒன்றைத் தையல் ஊசியில் கோத்து, எல்லாக் கண்ணிகளின் ஊடேயும் செலுத்தி, இரு முனைகளையும் முடிந்துவைத்தால் கண்ணிகள் அவிழாமல் காத்திருக்கும், ஊசியும் வேறு வேலைக்குக் கிடைக்கும். மழைக்காலத்தில் பெட்டியைத் திறந்து காற்றாட விடுவதும் அவசியம். கம்பளியைத் தின்பது அந்துப்பூச்சியின் புழு; இருட்டும் அசைவின்மையும் அதற்கு வசதி. பாச்சை உருண்டையை மட்டும் நம்பி ஆண்டுக்கணக்கில் பெட்டியை மூடிவைப்பவர்கள், திறக்கும் நாளில் வேலையின் நடுவே துளைகளைக் காண நேரலாம்.

முடிந்த வேலைகளும் இந்தக் கோரிக்கைக்கு வெளியே இல்லை. கம்பளி இழையின் மேற்பரப்பில் நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீரும் உரசலும் சேரும்போது அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் ஆடை சுருங்கித் தடித்துவிடும், பிறகு அதை மீட்க இயலாது. பரிசாகப் பெற்றவர் அதை மற்ற துணிகளோடு வெந்நீரில் சலவை இயந்திரத்தில் போட்டுப் பாழாக்கிவிட்டார் என்று நீங்கள் மனம் வெதும்புவது அடிக்கடி நிகழ்கிறது. தூய கம்பளியா, அக்ரிலிக் கலந்ததா என்பதை அவருக்கு யார் சொன்னார்கள்? உட்புறத்தில் தைத்த ஒரு சிறு நாடாவில் நூலின் வகையும், குளிர்ந்த நீரில் கையால் அலசவும் என்ற ஒரு வரியும் இருந்தால் போதுமானது. அதே நாடாவில் உங்கள் பெயரும் ஊரும் ஆண்டும் இருக்கட்டும். பெயர் எழுதக் கூச்சப்படுகிறீர்கள். ஓவியர் தம் படத்தின் மூலையில் எழுதக் கூச்சப்படுவதில்லை, கன்னிஸ்டரின் பணப்பையைப் பார்க்கும் எவரும் அதைப் பின்னியவர் தம் பெயரை மறைத்ததை அடக்கம் என்று மெச்சப்போவதும் இல்லை.

இப்படி எழுதிவைப்பதைப் பலர் கூடிச் செய்ய முடியுமா என்ற ஐயத்திற்குச் சென்னையே விடை தந்திருக்கிறது. ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ என்ற குழுவினர் 2016 ஜனவரியில் 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள கொக்கி ஊசிப் போர்வையைச் சென்னையில் விரித்துக் கின்னஸ் சாதனைப் பதிவு பெற்றார்கள். பல ஊர்களில் பல கைகள் தனித்தனியே செய்த துண்டுகள் ஒன்றாக இணைந்த வேலை அது. எவர் செய்தாலும் இன்னொருவர் செய்ததோடு பொருந்த வேண்டுமானால், அளவு பேசப்பட வேண்டும், எழுதப்பட வேண்டும். சாதனைக்காக அதைச் செய்ய முடிந்த கைகளுக்கு, வீட்டில் உறங்கும் ஒரு ஸ்வெட்டருக்காகவும் அதைச் செய்ய முடியும்.

எனவே உங்களிடம் வைக்கப்படும் வேண்டுகோள் இது. அடுத்த முறை கூடும்போது முடிந்தவற்றோடு உறங்குபவற்றையும் எடுத்து வாருங்கள். எல்லாவற்றையும் கொண்டுவர இயலாதவர்கள் ஒரு பையையாவது கொண்டுவாருங்கள். எவருடைய பை பெரிது என்று கேலி பேசுவதை அன்று ஒருநாள் விலக்கிவையுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தடித்த அட்டைச் சீட்டு எழுதி, நூலால் அதிலேயே கட்டுங்கள். யாருக்கு, என்ன ஆடை, எந்த ஆண்டு தொடங்கியது; நூலின் பெயர், நிற எண், தொகுதி எண்; ஊசியின் தடிமன் மில்லிமீட்டரில்; 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி, எத்தனை வரிசை; கடைசியாகப் பின்னியது எந்த வரிசை, அடுத்துச் செய்ய வேண்டியது என்ன; எங்கே பிழை இருக்கிறது, ஏன் நின்றது என்பவை அதில் இடம்பெறட்டும். பென்சிலாலோ நீரில் கரையாத மையாலோ எழுதுங்கள். நூற்கண்டின் தாள் பட்டை இருந்தால் அதையும் சீட்டோடு தைத்துவிடுங்கள். கண் மங்கிய, எழுதப் பழக்கமில்லாத மூத்தவர்கள் சொல்லச் சொல்ல இளையவர்கள் எழுதிக்கொடுங்கள். அவர்கள் பெயர் தெரியாமல் கைப்பழக்கத்தில் போடும் பின்னல்களை ஒரு சிறு மாதிரித் துண்டாகப் பின்னச் சொல்லிக் கேட்டு வாங்கி, அதையும் சீட்டோடு சேர்த்துக் கட்டுங்கள். சீட்டின் கடைசி வரியை ஒரு பெயருக்காக ஒதுக்குங்கள்: உங்களால் முடிக்க இயலாமல் போனால் இந்த வேலையை யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதை, அவரிடம் முன்கூட்டியே கேட்டு, அவர் சம்மதித்த பின் அங்கே எழுதி, பை எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள்.